கறந்த பாலின் சூட்டைத் தணிக்க ஒரு எளிய கணக்கு

கோடை மாதங்களில் பால் குளிர்விப்பு நிலையங்களில் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. பிற்பகல் மூன்று மணிக்குக் கறந்த பால் கிராமச் சங்கத்தில் சேர்ந்து, வண்டி ஏறி, நிலையத்தை அடையும்போது இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. அங்கே கேனிலிருந்து சிறிதளவு பாலைச் சோதனைக் குழாயில் எடுத்துக் கொதிக்க வைக்கிறார்கள். பால் திரிந்து போகிறது. அந்தக் கேன் முழுவதும் திருப்பி அனுப்பப்படுகிறது.

அந்தப் பாலில் தண்ணீர் கலக்கவில்லை. மாட்டுக்கு மடி நோயும் இல்லை. தீவனத்திலும் குறை இல்லை. கறந்த சூடு ஐந்து மணி நேரமும் தணியாமல் பாலிலேயே இருந்ததுதான் குற்றம். நாற்பது லிட்டர் கேனில் ஏழெட்டு வீட்டுப் பால் ஒன்றாகக் கலந்திருக்கும். ஒரு வீட்டுப் பால் கெட்டால் மற்ற வீட்டாருக்கும் அன்றைய வருமானம் போகிறது. ஒன்று அல்லது இரண்டு கறவை மாடுகளை நம்பிக் குடும்பம் நடத்தும் சிறு விவசாயிக்கு இது சிறிய இழப்பு அல்ல.

பாலை எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஆற்ற முடியும் என்பதை ஊகத்தால் சொல்ல வேண்டியதில்லை. சூடான பொருள் எவ்வாறு ஆறுகிறது என்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கணக்கு வகுக்கப்பட்டிருக்கிறது. கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், அந்தக் கணக்கை எந்த விவசாயியும் போடலாம். போட்டுப் பார்த்தால், அதிகச் செலவு இல்லாமல் பாலைக் காக்கும் வழிகள் அதிலிருந்தே கிடைக்கும்.

உறை ஊற்றும் கணக்கு

வீட்டில் பாலைக் காய்ச்சி இறக்கி, வெதுவெதுப்பாக ஆறிய பின்பே தயிருக்கு உறை ஊற்றுகிறார்கள். இறக்கிய பாலின் சூடு 100 டிகிரி சென்டிகிரேட் என்றும், சமையலறைக் காற்றின் சூடு 30 டிகிரி என்றும் கொள்ளலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 70 டிகிரி. நாற்பது நிமிடம் கழித்துப் பாலின் சூடு 65 டிகிரிக்கு இறங்கியிருக்கிறது எனக் கொள்வோம். இப்போது வித்தியாசம் 35 டிகிரி. அதாவது முன்பிருந்ததில் சரிபாதி.

முதல் நாற்பது நிமிடத்தில் 35 டிகிரி குறைந்ததால் அடுத்த நாற்பது நிமிடத்திலும் 35 டிகிரி குறையும் என்று நினைப்பது தவறு. அப்படியானால் பால் அறையின் சூட்டுக்கே வந்துவிட வேண்டும். ஆனால் அப்படி நடப்பதில்லை. அடுத்த நாற்பது நிமிடத்தில் மீதியிருக்கும் 35 டிகிரியில் பாதியான 17.5 டிகிரிதான் குறைகிறது. பால் 47.5 டிகிரிக்கு வருகிறது. அதற்கடுத்த நாற்பது நிமிடத்தில் மேலும் பாதி குறைந்து சுமார் 39 டிகிரிக்கு வருகிறது. உறை ஊற்றும் பக்குவம் அதுதான். ஆக மூன்று முறை பாதியாக வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரம் பிடித்தது. கொதித்த பாலிலிருந்து முதலில் ஆவி வேகமாக எழுவதால், தொடக்கத்தில் சூடு இன்னும் சற்று விரைவாகவே இறங்கும். எனினும் கணக்கின் போக்கு இதுவே.

வரப்பில் மடை திறந்து மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்குத் தண்ணீர் விடுவதை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். இரண்டு வயலின் நீர் மட்டத்துக்கும் வித்தியாசம் அதிகமாக இருக்கும்போது தண்ணீர் வேகமாகப் பாய்கிறது. மட்டம் நெருங்க நெருங்க வேகம் குறைகிறது. மட்டம் ஒன்றானதும் பாய்ச்சல் நின்றுவிடுகிறது. வெப்பமும் அவ்வாறே மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்கிறது.

நியூட்டன் கண்ட விதி

இந்தக் கணக்கை முதலில் வெளியிட்டவர் இங்கிலாந்து அறிஞர் ஐசக் நியூட்டன். 1701-ஆம் ஆண்டில், தம் பெயரைக் குறிப்பிடாமலேயே, லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் லத்தீன் மொழிக் கட்டுரையாக இதை அவர் வெளியிட்டார். அவரிடம் இருந்தது ஆளிவிதை எண்ணெய் நிரப்பிய வெப்பமானி. பழுக்கக் காய்ச்சிய இரும்பின் சூட்டை அதனால் அளக்க முடியாது. எனவே அவர் வேறு வழி செய்தார். சிவக்கக் காய்ந்த இரும்பைச் சீராகக் காற்று வீசும் இடத்தில் வைத்தார். அதன்மேல் பலவகை உலோகத் துணுக்குகளை உருக வைத்து, ஒவ்வொன்றும் எத்தனை நேரத்தில் மீண்டும் உறைகிறது என்று குறித்துக்கொண்டார். இரும்பு ஆற எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டே அதன் சூட்டைக் கணக்கிட்டார்.

அவர் கண்ட விதி இதுதான்: ஒரு பொருள் வெப்பத்தை இழக்கும் வேகம், அந்தப் பொருளின் சூட்டுக்கும் சுற்றுப்புறத்தின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்றபடி இருக்கும். வித்தியாசம் இரு மடங்கானால் வேகமும் இரு மடங்கு. இதிலிருந்து கிடைப்பதுதான் மேலே சொன்ன பாதிக் கணக்கு. சம கால அளவில் வித்தியாசம் பாதி பாதியாகக் குறையும். அந்தக் கால அளவைப் ‘பாதி நேரம்’ என்று அழைக்கலாம்.

ஆகவே பால் ஆறுவதைத் தீர்மானிப்பவை இரண்டே எண்கள். ஒன்று, சுற்றுப்புறத்தின் சூடு. பால் எதுவரை இறங்கும் என்பதை அது சொல்கிறது. மற்றது பாதி நேரம். எவ்வளவு விரைவில் இறங்கும் என்பதை அது சொல்கிறது. இந்த இரண்டு எண்களையும் மாற்றுவது விவசாயியின் கையில் இருக்கிறது.

குறைவதும் பெருகுவதும்

பாலைப் புளிக்கச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். பால் புளிப்பது நுண்ணுயிர்களின் வேலைதான் என்பதை 1857-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் எடுத்துக்காட்டினார். கறப்பவரின் கை, மாட்டின் மடி, பாத்திரம், தொழுவத்துத் தூசி ஆகியவற்றிலிருந்து இவை பாலில் சேர்கின்றன. கறந்த பாலுக்கு இவற்றைத் தடுக்கும் இயற்கைச் சக்தி கொஞ்சம் உண்டு. பால் சூடாகவே இருந்தால் அந்தச் சக்தி சிறிது நேரமே நிற்கும். பாலை ஆற்றி வைத்தால் கூடுதல் நேரம் நிற்கும்.

நுண்ணுயிர் ஒன்று இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது, நான்கு எட்டாகிறது. பாலின் சூடு பாதி பாதியாகக் குறைகிறது. நுண்ணுயிரோ இரட்டை இரட்டையாகப் பெருகுகிறது. இவற்றில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்தே பாலின் கதி அமைகிறது.

மடியிலிருந்து வரும் பாலின் சூடு சுமார் 37 டிகிரி. பல நுண்ணுயிர்களுக்கு மிகவும் ஏற்ற சூடு இது. எடுத்துக்காட்டாக, இந்தச் சூட்டில் அரை மணிக்கு ஒருமுறை அவை இரட்டிப்பதாகவும், 28 டிகிரியில் ஒரு மணிக்கு ஒருமுறை இரட்டிப்பதாகவும் கொள்ளலாம். பால் ஐந்து மணி நேரமும் 37 டிகிரியிலேயே இருந்தால் பத்து முறை இரட்டிக்கும். ஒன்று 1,024 ஆகிவிடும். அதே பால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் 28 டிகிரிக்கு வந்துவிட்டால், அந்த ஒரு மணியில் அதிகமாகப் போனால் இரண்டு முறையும், மீதி நான்கு மணியில் நான்கு முறையும் இரட்டிக்கும். மொத்தம் ஆறு முறை. ஒன்று 64 ஆகும்.

ஆயிரத்து இருபத்து நான்கு எங்கே, அறுபத்து நான்கு எங்கே! பதினாறில் ஒரு பங்குதான். முதல் ஒரு மணி நேரத்தில் ஒன்பது டிகிரியைக் குறைத்ததன் பலன் இது.

கோடையில் காற்றை நம்பக் கூடாது

‘கேனை நிழலில் வைத்திருக்கிறோம், தானே ஆறிவிடும்’ என்று பலர் எண்ணுகிறார்கள். மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் இது ஓரளவு சரி. சித்திரை, வைகாசிப் பிற்பகலில் இது முற்றிலும் தவறு. உள் மாவட்டங்களில் அந்த வேளையில் நிழலிலேயே காற்றின் சூடு 37, 38 டிகிரி இருக்கும். பாலின் சூடும் 37 டிகிரி. வித்தியாசமே இல்லை. வித்தியாசம் இல்லாத இடத்தில் வெப்பம் பாயாது. எத்தனை மணி நேரம் வைத்திருந்தாலும் பால் ஆறாது. வெயிலில் வைத்தால் சூடு ஏறவே செய்யும்.

காற்று குளிர்ந்திருக்கும் வேளையிலும் கேன் மெதுவாகவே ஆறும். காரணம், காற்று வெப்பத்தை வாங்கிக்கொள்வதில் மிகவும் மந்தம். பத்து லிட்டர் பால் உள்ள உலோகக் கேன் காற்றோட்டமில்லாத இடத்தில் இருந்தால் பாதி நேரம் ஏறக்குறைய மூன்று மணி ஆகலாம். காற்று 27 டிகிரியாக இருந்தாலும், 37 டிகிரிப் பால் 32 டிகிரிக்கு வரவே மூன்று மணி ஆகிவிடும். அதற்குள் நுண்ணுயிர்கள் முந்திவிடும்.

கிணற்று நீர்த் தொட்டி

தண்ணீர் அப்படியல்ல. காற்றைவிடப் பன்மடங்கு விரைவாக அது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். மேலும் கிணற்று நீருக்கு ஒரு சிறப்பு உண்டு. பகல் வெயிலும் கோடை வெப்பமும் மண்ணுக்குள் ஆழம் செல்லச் செல்லக் குறைந்து மங்கிவிடுகின்றன. இதையும் கணக்கால் காட்டியவர் ஒருவர் உண்டு. பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் ஃபூரியர், 1822-ஆம் ஆண்டில் வெப்பம் பரவும் விதம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஆழ்ந்த மண்ணின் சூடு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும் என்பது அந்தக் கணக்கால் விளங்குகிறது. ஆகவே தமிழ்நாட்டுச் சமவெளியில் காற்று 38 டிகிரியில் கொதிக்கும்போதும், கிணற்றிலிருந்து அப்போதே இறைத்த நீர் 27 டிகிரியை ஒட்டியே இருக்கும். மேல்நிலைத் தொட்டியில் வெயிலில் நின்ற நீருக்கு இது பொருந்தாது. பால் ஆற்றுவதற்குப் புதிதாக இறைத்த நீரே ஏற்றது.

பத்து லிட்டர் கேனை இத்தகைய தொட்டி நீரில் வைத்து, பாலை அவ்வப்போது கலக்கினால், பாதி நேரம் இருபது நிமிடம் அல்லது அதற்கும் குறைவாக வந்துவிடும். இருபது நிமிடம் என்றே கொண்டால், 37 டிகிரிப் பால் இருபது நிமிடத்தில் 32-க்கும், நாற்பது நிமிடத்தில் 29.5-க்கும், ஒரு மணியில் சுமார் 28-க்கும் வந்துவிடும்.

தொட்டியில் வைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. கேனுக்குள் பால் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதற்குச் சற்று மேலாகவே வெளியே தண்ணீர் நிற்க வேண்டும். அடிப்பகுதி மட்டும் நனைந்தால் பலன் குறைவு. ஆனால் கேனின் வாய்க்குள் தண்ணீர் புகுந்துவிடக் கூடாது. குறையாக நிரம்பிய கேன் மிதந்து சாயும். பக்கத்தில் கல் வைத்து நிறுத்த வேண்டும். கேனின் சுவரை ஒட்டிய பால் முதலில் ஆறும், நடுவிலுள்ள பால் சூடாகவே நிற்கும். ஆகையால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, வெந்நீரில் கழுவிய நீண்ட காம்புள்ள எவர்சில்வர் கரண்டியால் கலக்க வேண்டும். கையை விட்டுக் கலக்குதல் கூடவே கூடாது. வெளியில் உள்ள தண்ணீரையும் சற்று அலைத்துவிடுவது நல்லது.

பிளாஸ்டிக் கேன் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும். அதில் பாதி நேரம் கூடும். கீறல்களில் அழுக்கும் தங்கும். ஆற்றுவதற்கு அலுமினியம் அல்லது எவர்சில்வர் பாத்திரமே சிறந்தது.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்

பாலின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் தண்ணீரும் சூடாகும். இதற்கும் கணக்கு உண்டு. பத்து லிட்டர் பால் 37 டிகிரி. இருபது லிட்டர் தண்ணீர் 27 டிகிரி. இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்து நிற்கும்போது, பத்து டிகிரி வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கு எஞ்சி நிற்கும். காரணம், மொத்தம் முப்பது லிட்டரில் பால் பத்து லிட்டர். ஆகவே பால் 30.3 டிகிரியில் நின்றுவிடும். அதற்குமேல் எத்தனை மணி நேரம் வைத்தாலும் அந்தத் தண்ணீரில் பால் ஆறாது.

நாற்பது லிட்டர் தண்ணீர் இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சும். பால் 29 டிகிரிக்கு வரும்.

அதே நாற்பது லிட்டரை இரண்டாகப் பிரித்து, முதலில் இருபது லிட்டரில் ஆற்றி, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிதாக இருபது லிட்டர் ஊற்றினால் என்ன ஆகும்? முதல் தண்ணீரில் மூன்றில் ஒன்று எஞ்சும். இரண்டாவது தண்ணீரில் அதிலும் மூன்றில் ஒன்று, அதாவது ஒன்பதில் ஒரு பங்கே எஞ்சும். பால் சுமார் 28.1 டிகிரிக்கு வந்துவிடும். தண்ணீர் அதே நாற்பது லிட்டர்தான். மாற்றி ஊற்றியதால் ஏறக்குறைய ஒரு டிகிரி இலாபம். தண்ணீர் பற்றாக்குறை உள்ள ஊர்களுக்கு இந்த முறை மிகவும் ஏற்றது. கொட்டும் தண்ணீர் சுத்தமானதே; மாட்டுக்கோ தென்னைக்கோ அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பம்புசெட் ஓடும் வேளையில் பால் கறப்பவர்கள், தண்ணீர் விழும் தொட்டியிலேயே கேனை நிறுத்திவிடலாம். ஓடும் நீர் நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டே இருப்பதால் சூடு தேங்கி நிற்பதில்லை. நியூட்டன் தம் இரும்பைச் சீராகக் காற்று வீசும் இடத்தில் வைத்ததும் இதே காரணத்தால்தான்.

சிறு பாத்திரத்தில் ஆற்று, பெரிய கேனில் அனுப்பு

ஐந்து லிட்டர் கேனையும் அதே வடிவமுள்ள நாற்பது லிட்டர் கேனையும் ஒப்பிடலாம். பெரிய கேன் உயரத்திலும் அகலத்திலும் சிறியதைப் போல் இரு மடங்கு. அதன் மேற்பரப்பு நான்கு மடங்கு. ஆனால் கொள்ளளவோ எட்டு மடங்கு. வெப்பம் வெளியேறும் வாசல் நான்கு மடங்குதான். வெளியேற வேண்டிய வெப்பம் எட்டு மடங்கு. ஆகவே பெரிய கேனின் பாதி நேரம் ஏறத்தாழ இரு மடங்காகிறது.

இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். மெதுவாக ஆறும் கேன் மெதுவாகவே சூடேறும். ஆறிய பாலை வெயிலில் கொண்டுபோகும்போது நியூட்டனின் விதி தலைகீழாக வேலை செய்து பாலைச் சூடாக்குகிறது. அப்போது பெரிய கேனே பாதுகாப்பு. ஆகவே சிறு பாத்திரங்களில் ஆற்றிய பின் பெரிய கேனில் சேர்த்து அனுப்புவதே முறை.

சூடான பாலைக் கலக்கலாமா

ஆறிய பாலுடன் அப்போது கறந்த பாலைக் கலப்பது பலரிடமும் உள்ள பழக்கம். 28 டிகிரிக்கு ஆற்றிய பத்து லிட்டர் பாலுடன் 37 டிகிரியில் உள்ள ஐந்து லிட்டரைச் சேர்த்தால், மொத்தப் பாலும் 31 டிகிரிக்கு ஏறிவிடும். முந்திய பாலை ஆற்றப் பட்ட பாடு பெருமளவு வீணாகும். இரண்டாவது மாட்டின் பாலைத் தனியே ஆற்றிய பிறகே கலக்க வேண்டும்.

ஈரச் சாக்கின் பயன்

தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானை நீர் குளிர்ந்திருப்பதன் காரணம் இதுதான். கேனைச் சுற்றி நனைத்த கோணிச் சாக்கைச் சுற்றி, நிழலில் காற்று வீசும் இடத்தில் வைத்தால், கணக்கில் ‘சுற்றுப்புறத்தின் சூடு’ என்ற எண்ணே மாறிவிடுகிறது. காற்று 38 டிகிரியாக இருந்தாலும், அதன் ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால், நனைந்த துணி சுமார் 24 டிகிரி வரை குளிரக்கூடும். அதாவது கிணற்று நீரைவிடக் குறைவு. ஆனால் கடலோர ஊர்களில் காற்று 32 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமும் இருந்தால், நனைந்த துணி 29 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அங்கே ஈரச் சாக்கைவிடத் தண்ணீர்த் தொட்டியே மேல்.

எப்படியாயினும் முதலில் தொட்டியில் ஆற்றிவிட்டு, சைக்கிளிலோ வண்டியிலோ கொண்டு செல்லும்போது ஈரச் சாக்கைச் சுற்றுவது நல்லது. ஓட்டத்தில் வீசும் காற்று ஈரத்தை உலர்த்தி, கேனைக் குளிர வைக்கும். சாக்கு வழியில் உலர்ந்துவிட்டால் மீண்டும் நனைக்க வேண்டும். சாக்கு கேனின் வாயைத் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐஸ் வாங்குவோருக்கு

தொலைவில் உள்ள நகரத்துக்குப் பால் அனுப்புவோர் ஐஸ் கட்டி வாங்க நேரிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டிகிரி இறக்க அகற்ற வேண்டிய வெப்பத்தை ஒரு பங்கு எனக் கொண்டால், ஒரு கிலோ ஐஸ் உருக 80 பங்கு வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். உருகிய நீர் 10 டிகிரிக்கு வர மேலும் 10 பங்கு. ஆக மொத்தம் 90 பங்கு. பால் ஏறக்குறையத் தண்ணீரைப் போன்றதே.

பத்து லிட்டர் பாலை 37-லிருந்து 10 டிகிரிக்கு இறக்க 270 பங்கு வெப்பம் அகற்ற வேண்டும். அதற்கு மூன்று கிலோ ஐஸ் வேண்டும். அதே பாலை முதலில் கிணற்று நீரில் 28 டிகிரிக்கு ஆற்றிவிட்டால், மீதி 180 பங்கு மட்டுமே. இரண்டு கிலோ போதும். ஒரு கிலோ ஐஸின் விலையைக் கிணறு மிச்சப்படுத்துகிறது. வெளிக் காற்றின் சூட்டால் ஓரளவு ஐஸ் வீணாகும் என்பதால் சற்றுக் கூடுதலாகவே வாங்க வேண்டும். இருந்தாலும் மிச்சம் மிச்சமே. ஐஸைக் கேனுக்கு வெளியேதான் வைக்க வேண்டும். பாலுக்குள் போட்டால் அது தண்ணீர் கலந்த பாலாகிவிடும். தரச் சோதனையில் விலை குறையும்.

நேரில் அளந்து பார்க்கலாம்

மேலே கூறிய பாதி நேரங்கள் எடுத்துக்காட்டுக்காகச் சொன்னவை. கேனின் அளவு, உலோகம், தொட்டி ஆகியவற்றைப் பொறுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் அவை மாறும். அவரவர் கேனின் பாதி நேரத்தை அவரவரே கண்டுகொள்ளலாம். இதற்குப் பால்பண்ணை வெப்பமானி ஒன்று இருந்தால் போதும். சங்கத்து உறுப்பினர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அது உடல் சூட்டை ஒட்டிய சில டிகிரிகளை மட்டுமே காட்டும்.

சோதனைக்குப் பால் தேவையில்லை. கேனில் 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்ப வேண்டும். தொட்டி நீரின் சூட்டை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். கேனைத் தொட்டியில் நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கலக்கி, உள்ளே உள்ள சூட்டைக் குறிக்க வேண்டும். வித்தியாசம் எப்போது சரிபாதி ஆகிறதோ, அதுவே அந்தக் கேனின் பாதி நேரம். பிறகு கலக்காமல் ஒருமுறையும், காற்றில் வைத்து ஒருமுறையும் அளந்து பார்த்தால் வேறுபாடு நன்கு தெரியும். வீட்டில் எட்டாவது, ஒன்பதாவது வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் ஒப்படைக்கலாம். பள்ளியில் படிக்கும் கணக்கு வீட்டு வருமானத்துக்கு உதவுவதை அவர்கள் நேரில் காண்பார்கள்.

ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். சுற்றுப்புறத்தின் சூடு மாறாமல் நிற்கும்போதுதான் பாதிக் கணக்கு சரியாக வரும். சிறிய தொட்டியில் தண்ணீரும் சூடேறுவதால், பால் தொட்டியின் முதல் சூட்டை எட்டாமல் அதற்கு மேலேயே நின்றுவிடும். தண்ணீரை மாற்ற வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம்.

கணக்கால் ஆகாதது

பாலை ஆற்றுவதால் பால் சுத்தமாகிவிடாது. பாலில் ஏற்கெனவே சேர்ந்த நுண்ணுயிர்கள் சாவதில்லை; பெருகும் வேகம்தான் குறைகிறது. ஆகவே தொடக்கத்திலேயே அவை குறைவாக இருப்பது முக்கியம். இங்கும் இரட்டிப்புக் கணக்கே பேசுகிறது. சுத்தமாகக் கறந்து, தொடக்கத்தில் சேரும் நுண்ணுயிர்களை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தால், மூன்று இரட்டிப்பு நேரம் இலாபம். அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தால் அது ஒன்றரை மணி நேர அவகாசம். மடியைக் கழுவித் துடைத்தல், ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் சில பீச்சுப் பாலைத் தனியே ஒதுக்குதல், கேனை வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து உலர்த்துதல் ஆகியவை இந்த அவகாசத்தைத் தருபவை.

கிணற்று நீரால் பாலை இரவு முழுவதும் காப்பாற்றிவிட முடியும் என்றும் எண்ணக் கூடாது. 28 டிகிரியிலும் நுண்ணுயிர் பெருகிக்கொண்டுதான் இருக்கும். குளிர்விப்பு நிலையத்தில் பாலை 4 டிகிரிக்குக் கொண்டுபோன பிறகே அவற்றின் பெருக்கம் பெரிதும் அடங்குகிறது. அதுவரை உள்ள சில மணி நேரத்தைக் கடக்க உதவுவதே தொட்டியின் வேலை. அந்தச் சில மணி நேரத்தில்தான் பெரும்பாலான பால் கெடுகிறது.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. கறந்த பாலை வடிகட்டியவுடன், தாமதமின்றிப் புதிதாக இறைத்த நீரில் நிறுத்த வேண்டும்.

2. பால் மட்டத்துக்குச் சற்று மேலாக வெளியே தண்ணீர் இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாலைக் கலக்க வேண்டும்.

3. பாலைப் போல் இரு மடங்கு தண்ணீர் வைத்து, ஒருமுறை மாற்ற வேண்டும்.

4. சிறு உலோகப் பாத்திரங்களில் ஆற்றி, பெரிய கேனில் அனுப்ப வேண்டும்.

5. ஆறிய பாலுடன் சூடான பாலைக் கலக்கக் கூடாது.

6. வழியில் ஈரச் சாக்கு, தங்கும் இடத்தில் நிழல், இரண்டும் அவசியம்.

ஒரு சிமெண்டுத் தொட்டி, ஒரு கரண்டி, ஒரு பழைய கோணிச் சாக்கு, ஒரு மணி நேரக் கவனம், இவ்வளவே முதலீடு. மாட்டுக்குத் தீவனம் வைத்து, மருந்து கொடுத்து, விடியுமுன் எழுந்து பாடுபட்டுக் கறந்த பாலைச் சங்கத்தின் வாசலில் இழக்க வேண்டியதில்லை. கறவை மாடு வைத்திருக்கும் விவசாயிகள் இந்தக் கணக்கை ஒருமுறை தங்கள் கேனில் அளந்து பார்த்து, வரும் கோடையிலேயே பயன் பெறலாம்.